ஒன்றரை அவுன்ஸ் பருப்பு

மொச்சைக் கொட்டை ஒன்றைக் கடிக்கப் போய்க் கடைவாய்ப் பல்லின் ஓரத்தைப் பறிகொடுத்தவன் நான். இது நடந்தது கடமலைக்குண்டில், ஒரு மாசி மாதத்துக் காலையில். அந்தப் பல்லில் தொடங்கி, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் சென்னை ராஜதானியில் நடந்த ஒரு சண்டைக்குப் போகப் போகிறேன். நடுவில் கொஞ்சம் விஞ்ஞானமும் வரும். வாசகர்கள் பயப்பட வேண்டாம். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்வேன். எனக்குப் புரிந்தது யாருக்கும் புரியும்.

தேனி ஜில்லா என்றதும் வெளியூர்க்காரர்கள் மனத்தில் எழுவது கம்பம் பள்ளத்தாக்கின் பச்சை. நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக அது கண்ணுக்குக் குளிர்ச்சியான பூமி. 1895-இல் பெரியாறு அணை முடிந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய நாளிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வந்த வாழ்வு அது. கடமலைக்குண்டு அந்தப் பக்கம் இல்லை. மேகமலைக்கு இந்தப் புறத்தில், வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே ஓடுவது மூல வைகை. ஓடுவது என்று ஒரு மரியாதைக்குச் சொல்லுகிறேன். நான் போனபோது மணல்தான் கிடந்தது.

தேனியிலிருந்து கண்டமனூர் வழியாகத் தெற்கே வந்தால், கிணறு உள்ளவர்களின் தென்னையையும் காய்கறித் தோட்டங்களையும் பார்க்கலாம். மலைப்பக்கம் இலவ மரங்கள் நிற்கும். கிணறு இல்லாதவர்களுக்கு வானம்தான் கிணறு. அந்த மானாவாரி நிலத்தில் சோளம், கொள்ளு, தட்டைப் பயறு, மொச்சை என்று தாகம் பொறுக்கிற பயிர்களாகப் பார்த்துப் போடுகிறார்கள்.

என் நண்பர் வீட்டுக் களத்தில் மொச்சை நெற்றைக் காயவைத்துக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். நண்பரின் தாயார், எண்பதைத் தாண்டியவர், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நடு நடுவே ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார்.

"எதற்கம்மா கடிக்கிறீர்கள்?" என்றேன்.

"பல்லு இறங்குச்சுன்னா ஈரம் இருக்குன்னு அர்த்தம், தம்பி. டக்குனு ரெண்டாப் போச்சுன்னா காஞ்சிருச்சு. காயாததக் குலுக்கைல போட்டா வண்டு திங்கும்."

நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொச்சை காய்ந்திருந்தது. இரண்டாகப் போனது அது மட்டும் அல்ல.

அம்மாள் சிரித்து முடித்த பிறகு, "இத்தனை கல்லாட்டம் இருக்கே, இதுக்குள்ள என்னா இருக்குன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா தம்பி?" என்று கேட்டார்.

போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி, பல்லைச் சரிசெய்துகொண்டு, புத்தகங்களைத் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கே எழுதுகிறேன்.

விதைக்குள் இருக்கிற சாமான்களில் முக்கியமானது புரதம். இந்தச் சரக்குக்கு ஐரோப்பியர்கள் 'புரோட்டீன்' என்று பெயர் வைத்தது 1838-இல். ஸ்வீடன் தேசத்து ரசாயன நிபுணர் பெர்சீலியஸ், ஹாலந்துக்காரரான முல்டருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயரைச் சொன்னார். முதன்மையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பெயர் வைத்தாகிவிட்டது; ஆனால் செடிக்குள்ளே இது எங்கே, எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் இல்லை.

பார்த்தவர் தியோடோர் ஹார்ட்டிக் என்ற ஜெர்மானியர். காட்டிலாகாக் கல்வியில் பேர்போன குடும்பம். தகப்பனாரும் அதே துறையில் பெரியவர். விதைகளை மெல்லிய சீவலாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தவர், மாவுச்சத்து மணிகளைத் தவிர வேறு ஒரு வகை மணிகளும் இருப்பதைக் கண்டு 1855-இல் எழுதினார். அவற்றுக்கு 'அலூரோன்' என்று பெயரிட்டார். மாவு என்று அர்த்தம். இந்த மணிகளிடம் ஒரு குறும்பு உண்டு. ஆமணக்கு மாதிரி விதைகளில் தண்ணீர் விட்டுப் பார்த்தால் அவை உருக்குலைந்துவிடும். எண்ணெய் விட்டுப் பார்த்தால் முழுசாக நிற்கும். அதற்கு முன்னால் பலர் கண்ணுக்கு அவை அகப்படாமல் போனதில் ஆச்சரியம் என்ன? வழக்கம்போல் எல்லாரும் தண்ணீரைத்தானே முதலில் விடுவார்கள்!

அடுத்து வந்த வில்ஹெல்ம் பெஃபர் 1872-இல் இந்த மணிகளைப் பற்றி விரிவாக எழுதினார். மணிக்குள்ளே புரதம் இருப்பதோடு, சின்னஞ்சிறு உருண்டைகளாக ஒரு பொருளும் இருக்கிறது. அதில் மணிச்சத்தும் மக்னீசியமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்திருக்கின்றன என்று கண்டார். அதாவது, முளைக்கப் போகும் குழந்தைக்குச் சாப்பாடு மட்டுமல்லாமல் எலும்புக்கு உரம் மாதிரி உப்புகளையும் தாய்ச்செடி கட்டி அனுப்புகிறது.

இந்த மணிகள் உண்மையில் என்ன? இங்கேதான் ஒரு வேடிக்கை. உயிரணுவுக்குள் நீர் நிரம்பிய பை ஒன்று உண்டு. அதற்கு 'வாக்குவோல்' என்று பெயர். 1841-இல் துஷார்டின் என்ற பிரெஞ்சுக்காரர் நுண்ணுயிர்களில் பார்த்து வைத்த பெயர் அது. வெறுமை என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாதது போல் தோன்றியது. வெற்றிடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹார்ட்டிக் பார்த்த புரத மணிகள் எல்லாம் அந்த வெற்றிடங்களேதாம் என்று பிற்பாடு தெரிந்தது. விதையிலே அவை புரதத்தால் அடைக்கப்பட்டுக் காய்ந்து இறுகியிருக்கின்றன. பெயர் வெறுமை, உள்ளே இருப்பதோ ஒரு குடும்பத்தின் முழு வருஷச் சாப்பாடு. நம் ஊரிலும் 'ஒன்றுமில்லாதவர்' என்று பெயரெடுத்த சிலர் வீட்டுக் குதிரைத் திறந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

குதிர் எப்படி நிரம்புகிறது என்ற கதை இன்னும் அழகானது. மொச்சை பூத்துக் காய்க்கும்போது, இலையிலும் வேர் முடிச்சிலும் சேர்ந்த தழைச்சத்து கொடி வழியாகக் காய்க்கு வருகிறது. வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால்தான், உரம் காணாத வருசநாட்டுச் செம்மண்ணிலும் மொச்சைக்கு இத்தனை புரதம். விதையின் உயிரணுவுக்குள் புரதம் நெய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. நெய்த சரக்கு அங்கிருந்து பொட்டலம் கட்டும் இடத்துக்குப் போகிறது. இந்த இடத்தை 1898-இல் கண்டு சொன்னவர் கோல்ஜி என்ற இத்தாலிய வைத்தியர். அவர் பெயராலேயே வழங்குகிறது. புரதத்தின் உடம்பிலேயே 'இது கிட்டங்கிக்கு' என்று ஒரு சிறு விலாசம் பொறித்திருக்கிறது. விலாசம் சரியாக இருந்தால் கிட்டங்கிக்குப் போய்ச் சேரும். தப்பினால் வேறு எங்கேயாவது போய்விடும்.

விலாசம் தப்பக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வாக்குவோல் என்பது சாதாரணமாகச் செடியின் ஜீரணப் பை. வேண்டாததை அரைத்துக் கரைப்பது அதன் வேலை. அரைக்கிற இடத்திலேயே தானியத்தைச் சேமிக்க முடியுமா? 1996-இல் நதீன் பாரிஸ் என்ற அம்மையாரும் அவரோடு வேலை செய்தவர்களும் வாற்கோதுமை, பட்டாணி வேர் நுனிகளை ஆராய்ந்து, ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வகை வாக்குவோல்கள் தனித்தனியே இருக்க முடியும் என்று காட்டினார்கள். ஒன்று அரைக்கும் பை; மற்றொன்று சேர்க்கும் பை. ஒரே வீட்டில் அம்மியும் குதிரும் வேறு வேறு அறைகளில் இருப்பதுபோல. பட்டாணிப் பருப்பில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய பைதான் துண்டு துண்டாகிக் குதிராகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். ஆனால் புதுக் குதிர் தனியாகவே எழும்புகிறது. பழைய பை மெல்ல மறைகிறது.

பிறகு விதை காய்கிறது. மழை வரும் நாள் வரையில் குதிர் பூட்டிக் கிடக்கிறது. மழை பெய்து விதை ஊறினால் பூட்டு திறக்கிறது. அரைக்கும் நொதிகள் உள்ளே வருகின்றன. புரதம் உடைந்து முளைக்கு ஊட்டமாகிறது. சரக்குத் தீர்ந்த பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பழையபடி நீர் நிரம்பிய பெரிய பையாகின்றன. துஷார்டின் வைத்த பெயர் அப்போதுதான் பொருந்துகிறது.

இந்தக் குதிருக்குக் காவலும் உண்டு. பயறு வகைகளின் புரதப் பைகளில் சாப்பாட்டோடு சில விஷமக்காரப் புரதங்களும் இருக்கின்றன. தின்ன வருகிற பூச்சியின் வயிற்றில் ஜீரணம் நடக்காமல் தடுப்பது அவற்றின் தொழில். நம் வயிற்றிலும் அதே வேலையைத்தான் செய்யும். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய விஷமே அந்தப் பைகளில்தான் இருக்கிறது. 1917-இல் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் பச்சை சோயா மொச்சையைத் தின்ற எலிகள் வளரவில்லை, வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன என்று எழுதினார்கள். கடமலைக்குண்டு அம்மாள் மொச்சையை ராத்திரி ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நசுக்கினால் நசுங்குகிற வரையில் வேகவைக்கிறார். ஏன் என்று கேட்டால், "வேகாத மொச்சை வயித்தப் பொரட்டும்" என்பார். இரண்டும் ஒரே விஷயம்தான்.

நிற்க. இதுவரை சொன்னது விதையின் கதை. இனி மனிதர்களின் கதை.

அன்றைக்குப் பொறுக்கிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: "எங்க பாட்டிக்குப் பாட்டி காலத்துல தாது வருசம்னு ஒண்ணு வந்துச்சாம். வெதைக்கு வச்சதையும் அவிச்சுத் தின்னாகளாம். தின்னவுக அந்த வருசம் பொழச்சாக. அடுத்த வருசம் மழை பேஞ்சப்ப வெதைக்க ஒண்ணுமில்ல."

தாது வருஷம் என்பது 1876-77. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் 1876-இல் பொய்த்தன. மைசூர் சீமையிலும் சென்னை ராஜதானியின் பெரும்பகுதியிலும் பஞ்சம் பரவியது. மதுரை ஜில்லாவும் தப்பவில்லை. இந்தத் தேனிப் பக்கமெல்லாம் அப்போது மதுரை ஜில்லாதான். பிழைக்க வழியில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இறந்தார்கள் என்று பொதுவாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். ராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபு தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

1877 ஜனவரியில் லிட்டன் பிரபு, பஞ்ச நிவாரணச் செலவைக் குறைத்து வரும்படி சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். டெம்பிள் இயல்பில் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று வருஷங்களுக்கு முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, சாவு அதிகமில்லாமல் காப்பாற்றியவர் அவர்தான். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. பணத்தை வாரி இறைத்தார் என்று வசவு. வசவு வாங்கிய உத்தியோகஸ்தர் அடுத்த தடவை எப்படி நடந்துகொள்வார்? டெம்பிள் சென்னையில் கையை இறுக்கினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் கீழே.

எதிர்த்து நின்றவர் ஒரு வைத்தியர். பெயர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். 1871-ஆம் வருஷத்து ஜனக்கணக்கை எடுத்து அறிக்கை எழுதியவரும் அவரே. 1860-களிலேயே தென்னிந்திய ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறைக் கைதிகளுக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று விசாரித்து எழுதியிருந்தார். ஆகவே ஒரு பவுண்டு என்ற கணக்கைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும். அதற்கு மேல் காய்கறியும் பருப்பும் வேண்டும். அதுவும் கல்லும் மண்ணும் சுமக்கிறவனுக்குக் கட்டாயம் வேண்டும் என்று வாதாடினார்.

காகிதங்கள் இங்கும் அங்கும் பறந்தன. 1877 மார்ச்சில் சென்னை சர்க்கார் பாதி இறங்கி வந்தது. ஒரு பவுண்டு ஒன்றேகால் பவுண்டாயிற்று. கூடவே ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

ஒன்றரை அவுன்ஸ் என்றால் 43 கிராம். ஒரு கைப்பிடிக்கு மேல் இராது. லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கைப்பிடிப் பருப்புக்காக இத்தனை வழக்கா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்குதான் புரதம். பருப்பில் இருபத்திரண்டு, இருபத்தைந்து பங்கு. ஒரு பவுண்டு அரிசியில் கிடைப்பது ஏறக்குறைய 31 கிராம் புரதம். 43 கிராம் பருப்பில் பத்து கிராம். அந்தக் கைப்பிடி ஒன்றே ஒரு பவுண்டு அரிசியின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமானம்! பயற்றஞ்செடி தன் வெற்றிடப் பைகளில் அடைத்து வைத்த சொத்து அது. அரிசியில் குறைவாகக் கிடைக்கிற ஒரு சத்தும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தை அன்றைக்கு எடுத்துக் காட்ட கார்னிஷிடம் சான்று கிடையாது. ஹார்ட்டிக்கும் பெஃபரும் பூதக்கண்ணாடியில் பார்த்தது ஐந்து வருஷம், இருபது வருஷத்துச் சமாசாரம்தான். அதற்கும் பஞ்ச முகாமுக்கும் பாலம் போட்டவர் யாரும் இல்லை. கார்னிஷ் ஜனங்களின் சாப்பாட்டையும் கைதிகளின் உடம்பையும் பார்த்துச் சொன்னார்.

பாலம் பின்னால் வந்தது. மேலே சொன்ன ஆஸ்போர்ன், அமெரிக்காவில் கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து, விதை விதையாக எடுத்துப் புரதத்தைப் பிரித்தார். தண்ணீரில் கரைவது எது, உப்புத் தண்ணீரில் கரைவது எது, சாராயத்தில் கரைவது எது என்று வகைப்படுத்தினார். பயறுகளின் புரதம் பெரும்பாலும் உப்புத் தண்ணீரில் கரைகிற வகை. 1914-இல் அவரும் மெண்டலும் மக்காச்சோளப் புரதத்தை மட்டும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் தேய்ந்தன. லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு அமிலங்களைச் சேர்த்ததும் வளர்ந்தன. புரதம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்று தெரிந்தது. அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் தாராளம். பருப்பில் குறைகிற ஒன்று அரிசியில் இருக்கிறது. சோறும் சாம்பாரும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பது இப்படித்தான்.

இந்த ஆராய்ச்சி நம் நீலகிரிக்கும் வந்தது. குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்கரிசன், ஒரு சின்ன இடத்தில் பெரிபெரி நோயைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். அது வளர்ந்து போஷாக்கு ஆராய்ச்சிச் சாலை ஆயிற்று. மக்கரிசன் இந்தியாவின் பல பகுதி ஜனங்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் முதலில் நின்றன. மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. தீட்டிய அரிசியே பிரதானம், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்ற சாப்பாடு அது. அவருக்குப் பின்னால் வந்த அக்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்று கணக்கெடுத்து ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அவரே 1943 வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் இருந்தார். 1964-இல் ஐக்கிய நாடுகளின் உணவு ஸ்தாபனத்துக்காகப் பயறு வகைகளைப் பற்றியே இன்னொருவரோடு சேர்ந்து ஒரு நூல் எழுதினார். குன்னூர்ச் சாலை 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். பருப்பைத் தின்னுங்கள், பஞ்சம் தீரும் என்று சுபம் போட்டுவிடலாம். ஆனால் சேலத்தில் 1918-இல் பிறந்த ஒரு தமிழர் குறுக்கே நிற்கிறார். டாக்டர் சி. கோபாலன். குன்னூரிலும் பிறகு ஹைதராபாத்திலும் வேலை செய்து, அந்தச் சாலைக்கே தலைவராகி, 2019-இல் நூறு வயது கண்டு காலமானவர்.

அவர் காலத்தில் உலகமெங்கும் ஒரே பேச்சு, 'புரதப் பற்றாக்குறை' என்று. குழந்தைகள் கால் வீங்கி, தலைமயிர் நிறம் மாறி வாடுவதற்குக் காரணம் புரதம் போதாமைதான். புரத மாவு செய்து கொடுத்தால் தீர்ந்தது என்று பெரிய ஸ்தாபனங்கள் திட்டம் போட்டன. கோபாலன் நம் ஏழைக் குழந்தைகளின் தட்டைப் பார்த்தார். வீங்கிய குழந்தையும் வற்றி எலும்பான குழந்தையும் சாப்பிடுவது ஏறக்குறைய ஒரே சாப்பாடுதான் என்று கண்டு, 1968-இல் எழுதினார். குறைவது புரதம் மட்டும் அல்ல, சாப்பாடே குறைகிறது. வயிறு நிறையாதபோது உடம்பு, தின்ற புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. முதலில் வயிறு நிறையச் சோறு, அதோடு பருப்பு.

யோசித்துப் பார்த்தால், கார்னிஷ் கேட்டதும் இதுதான். அவர் பருப்பு மட்டும் கேட்கவில்லை. ஒன்றரைப் பவுண்டு தானியமும் கேட்டார், பருப்பும் கேட்டார். டெம்பிள் கணக்கில் இரண்டும் இல்லை. சர்க்கார் பாதி தூரம் இறங்கி வந்தது. அந்தப் பாதியும் வருவதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ! அறியாமையால் வந்த வினை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அறிந்த ஒருவர் எழுந்து நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லுக்கும் கூலிக்காரன் கலயத்துக்கும் நடுவில் சில மாதங்கள் இருந்தன. மரணம் அந்த மாதங்களில் நடந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு சர்க்கார் கமிஷன் வைத்தது. பஞ்ச விதிகள் எழுதியது. பெரியாற்றைத் திருப்பும் பழைய யோசனைக்கும் உயிர் வந்தது. 1886-இல் திருவாங்கூரோடு ஒப்பந்தமாகி, 1895-இல் தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு பச்சையானது; வருசநாடு மொச்சையை நம்பி நின்றது. பின்னால் 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவும் வந்தன. பள்ளிக்கூடத்துத் தட்டில் சோற்றின்மேல் பருப்புச் சாம்பார் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஒன்றரை அவுன்ஸ் ஞாபகம் வருகிறது. நன்றாகவே ஊற்றட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இத்தனையும் படித்த பிறகு மறுபடியும் கடமலைக்குண்டுக்குப் போனேன். ஆடி கழிந்திருந்தது. மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஊறி முளைவிட்ட கொட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால், தோல் கையோடு நிற்கப் பருப்பு துள்ளி விழுகிறது. பூட்டுத் திறந்த குதிர்கள்!

நான் படித்ததை எல்லாம் சொன்னேன். வெற்றிடப் பை, விலாசம், காவல், கார்னிஷ் எல்லாவற்றையும். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். கார்னிஷ் விஷயம் வந்தபோது மட்டும் கை நின்றது.

"வெள்ளைக்காரரா அப்படிக் கேட்டாரு?"

"ஆமாம் அம்மா."

"நல்ல மனுசன்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிதுக்கத் தொடங்கினார். சற்றுப் பொறுத்து, "தாய்க்கொடி தன் பிள்ளைக்குக் கட்டிக் குடுத்த சோத்தத்தான் நாம பிடுங்கித் திங்கிறோம், இல்லியா தம்பி?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் சோற்றுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். புறப்படும்போது அடுப்பங்கரை மூலையில் ஒரு மண்கலயத்தைப் பார்த்தேன். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"வெதை மொச்சை. மழை விழட்டும்னு வச்சிருக்கேன்" என்றார் அம்மாள். "வீட்டுல அரிசி இல்லாட்டியும் அதுல மட்டும் கைய வைக்க மாட்டேன்."

பஸ் கண்டமனூரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.